கையெழுத்துக்கு மேலே உள்ள இடம்

அன்புள்ள அருளுக்கு,

இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு தாளிலும் அடியில் என் கையெழுத்து இருப்பதைப் பார்த்திருப்பாய். எழுதியிருப்பது கறுப்பு மை, கையெழுத்து நீலம். கையெழுத்தைப் போட்டு ஆறு வருடம் ஆகிறது. அதற்கு மேலே உள்ள வரிகளை இன்றுதான் எழுதுகிறேன். இப்படி ஒரு தாள் கைக்கு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று சட்டக் கல்லூரியில் உனக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சந்தேகப்பட்டுக்கொண்டே படி. படித்து முடிப்பதற்குள் காரணம் தெரிந்துவிடும்.

உன் அப்பா வேட்பாளர் நேர்காணலுக்காகச் சென்னைக்குப் போயிருக்கிறார். இரண்டு வண்டி நிறைய ஆட்களும் கூடப் போயிருக்கிறார்கள். நாளை மாலைதான் திரும்புவார். ஆலங்காயத்து வீட்டில் இத்தனை அமைதி இருந்து பல வருடம் ஆகிறது. மேசை முழுக்க உன் அப்பாவின் படம் போட்ட காலண்டர் கட்டுகள் இருப்பதால் சமையல் மேடையில் வைத்து எழுதுகிறேன். நீ வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னாய். "அப்பா பாவம்மா, எலெக்‌ஷன் நேரத்துல ஆபீஸ பாத்துக்க ஆளு இல்ல. ஒரு ஆறு மாசம் இருந்துட்டு மறுபடி மதுரைக்கே போய்ட்றேன்" என்றாய். நான் "சரிப்பா" என்றேன். அப்போது புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கையில் வேலை இருக்கும்போது யார் எது கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவது என் பழக்கம். என் வாழ்க்கையில் நான் கொடுத்த பெரிய சம்மதங்கள் எல்லாமே கை ஈரமாக இருந்தபோது கொடுத்தவைதான்.

ஆறு மாதம் என்ற கணக்கு எனக்குப் புதிதில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், நான் சந்தவாசலில் இருந்து கல்யாணமாகி வந்த இரண்டாவது மாதம், உன் அப்பாவின் குமாஸ்தா சொல்லாமல் நின்றுவிட்டார். எனக்கு டைப்பிங் தெரியும். பி.ஏ. வரலாறு முடித்து, பி.எட். படிப்புக்கு விண்ணப்பம் வாங்கிவைத்திருந்தேன். "டீச்சரம்மா, கோவிச்சுக்காத. ஒரு ஆறு மாசம் எனக்கு டைப் அடிச்சுக் குடு. அதுக்குள்ள ஒரு ஆள பாத்துட்றேன். அப்புறம் நீ படி, நானே கொண்டுபோய் விடறேன்" என்றார். அவர் ஏமாற்றவில்லை, அருள். உண்மையாகவே ஆள் தேடினார். நான் அடித்த மனுக்களில் பிழை இல்லை, நான் சம்பளம் கேட்கவில்லை, வீட்டிலேயே இருந்தேன். அப்படி ஓர் ஆள் வெளியில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த விண்ணப்பம் வெகு நாள் பீரோவில் இருந்தது. அதன் பின்பக்கத்தில்தான் உனக்கு அ, ஆ எழுதிக் காட்டினேன்.

உன் அப்பாவை நீ தலைவராகத்தான் அதிகம் பார்த்திருக்கிறாய். வக்கீலாக இருந்தவரை நான் பார்த்திருக்கிறேன். மலையில் பிறந்து, விடுதியில் தங்கிப் படித்து, கறுப்புக் கோட்டு போட்ட முதல் ஆள் அவர்தான். அந்தக் கோட்டு அவருக்கு இரண்டு அளவு பெரியது. கோர்ட்டில் சிரிப்பார்கள் என்று நான் பயந்தேன். அவர் வாயைத் திறந்த பிறகு கோட்டை யாரும் பார்க்கவில்லை. மலையில் இருந்து வருபவர்கள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, நாற்காலியில் உட்காராமல் சுவர் ஓரமாகத் தரையில் உட்காருவார்கள். அவரும் கீழே உட்கார்ந்துகொள்வார். "இன்னா நடந்துச்சு, மொதல்ல இருந்து சொல்லு" என்பார். ஒரு பட்டா தகராறுக்கு முக்கால் மணி நேரம் மாட்டின் கதையைச் சொல்வார்கள். குறுக்கே பேசாமல் கேட்பார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பிடிக்காத ஒருவரிடம் மாட்டிக்கொண்டிருந்தால் எப்போதோ கழன்றிருப்பேன்.

வெள்ளைத் தாள் வழக்கம் அந்த நல்ல நாட்களில் வந்ததுதான். அப்போது மலைக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். வாய்தா நாளில் பஸ் பழுதாகி நின்றால் கோர்ட்டில் பெயரைக் கூப்பிடும்போது ஆள் இருக்காது. ஒரு சின்ன மனுவுக்குக் கைநாட்டு வைக்க ஒருவர் ஒரு நாள் வேலையை விட்டு இறங்கி வர வேண்டும். அதனால் உன் அப்பா ஒரு வழி செய்தார். முதல் தடவை வக்காலத்தில் ரேகை வைக்கும்போதே, கூடவே நான்கு வெள்ளைத் தாளிலும் அடியில் வாங்கி வைத்துக்கொள்வது. பிறகு எந்த மனு தேவைப்பட்டாலும் மேலே டைப் அடித்துக்கொள்ளலாம், அவர்கள் வர வேண்டாம். வேறு வக்கீல்கள் இப்படிச் செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது. ரேகை வாங்கும் வேலை என்னுடையது. மைப் பெட்டியில் அவர்கள் கட்டை விரலைப் பிடித்து உருட்டி, தாளின் வலது ஓரத்தில் இருந்து நான்கு விரல் தள்ளி, அடியில் இருந்து மூன்று விரல் மேலே அழுத்துவேன். எந்த மனு அடித்தாலும் சரியாகப் பொருந்துகிற இடம் அது. கண்டுபிடித்தவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

உன் அப்பாவின் ஊருக்கு அடுத்த ஊரான மேட்டுக்கொல்லையில் இருந்து சடையன் என்று ஒருவர் வருவார். ஒவ்வொரு தடவையும் விரலை நீட்டிக்கொண்டே, "இன்னா வக்கீலம்மா, கெழவனுக்கு மருதாணி வெக்கிறியா?" என்பார். "ஓட்டுக்கு ஒரு வெரலு, கேசுக்கு ஒரு வெரலு. களி திங்க மிச்சம் மூணுதான் இருக்குது, அதயாச்சும் வுட்டு வை" என்பார். அதே ஊர்க் குப்பியை உனக்கு நினைவிருக்கும், உனக்கு முழுப் பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தவள். அவள் வீட்டுக்காரரை விறகு வழக்கில் பிடித்து வைத்தபோது குப்பி பிள்ளை பெற்று நான்கு நாள் ஆகியிருந்தது. இறங்கி வர முடியாது. அவள் முன்பே கொடுத்திருந்த தாளில் மனு அடித்து உன் அப்பா அன்றைக்கே போட்டார். இரண்டாம் நாள் ஆள் வீட்டுக்குப் போய்விட்டார். அவள் எழுந்து நடமாடியதும் ஒரு மூட்டை சாமையோடு வந்தாள். "அந்தத் தாளு மட்டும் இல்லன்னா என் ஊட்டுக்காரு இன்னும் உள்ளதான் இருப்பாரு" என்றாள். அவள் விரலில் ஒட்டியிருந்த மையை என் சேலைத் தலைப்பாலேயே துடைத்துவிட்டேன். அவள் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். "போனா போவுது, சேல தானே" என்றேன்.

தாள்கள் தகரப் பெட்டியில் சேர்ந்தன. ஊர் வாரியாக நூல் சுற்றி, மூலையில் பென்சிலால் பெயர் எழுதி வைப்பேன். சில வருடத்தில் மலையின் பாதி அந்தப் பெட்டியில் இருந்தது. உன் அப்பாவைத் தேர்தலில் நிற்கச் சொன்னவர்கள் அந்த மக்கள்தான். ஒன்றியத் தேர்தலில் ஜெயித்து, தலைவரும் ஆனார். மேட்டுக்கொல்லையில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு நடந்த மாற்றத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: முன்பு அவர்கள் சொல்வதை இவர் கேட்பார், பிறகு இவர் சொல்வதை அவர்கள் கேட்டார்கள். தரையில் உட்காருவது நின்றது. முட்டி வலி என்றார். முட்டி வலி உண்மைதான். கட்சியில் மேலே இருப்பவர்கள் போன் செய்தால் மட்டும் அந்த முட்டியோடு துள்ளி எழுந்து நிற்பார், போனில்தான் பேசுகிறார்கள் என்றாலும். அதைப் பார்க்கும்போது அவர்மேல் கோபம் வராது எனக்கு. இவரும் எங்கேயோ அடியில் ரேகை வைத்துக் கொடுத்துவிட்டார் என்று தோன்றும்.

தலைவரான அந்த மாதம் ஒரு கட்டு வெள்ளைத் தாளோடு சமையலறைக்கு வந்தார். "இதுல கையெழுத்து போட்டு வை. எதுக்காச்சும் வேணும். ஒவ்வொரு வாட்டியும் உன்ன அடுப்படில இருந்து கூப்பிடணுமா?" என்றார். பால் பொங்குகிற நேரம். அடுப்பைப் பார்த்துக்கொண்டே போட்டேன். நீ கல்லூரிக்குக் கிளம்பிய அன்று உன்னிடமும் வாங்கினார், நினைவிருக்கிறதா? ஏழு தாள். "காலேஜ் வேலை, பேங்க் வேலை, ஆயிரம் இருக்கும். நீ அங்க இருந்து ஓடி வருவியா?" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நீ சூட்கேஸின் மேலேயே வைத்துக் கடகடவென்று போட்டாய். நான் பக்கத்தில் நின்று உனக்கு எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை, அருள். எங்கள் வீட்டில் அன்பானவர்கள் எல்லோரும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மேட்டுக்கொல்லைப் புளியந்தோப்பு உனக்குத் தெரியும். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மரம். பெண் கல்யாணமாகி வந்தால் மாமியார் ஒரு மரத்தைக் காட்டி "இனிமே இது உன்னுது" என்பாள். குப்பியின் மரத்துக்குக் கூனி மரம் என்று பெயர். நான்கு வருடத்துக்கு முன்னால் அந்தத் தோப்பில் சொகுசு விடுதி கட்ட வெளியூரில் இருந்து ஒருவர் வந்தார். கட்சியில் மேலே இருப்பவர்களுக்கு வேண்டியவர். ஊர்க்காரர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுத்தில் வேண்டும் என்றார்கள். உன் அப்பா ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து என் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார். "மேட்டுக்கொல்லை கட்ட எடு" என்றார்.

படித்துப் பார்த்துவிட்டு, "அவங்கள ஒரு வார்த்த கேக்க வேணாமா?" என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். சிரித்தார். "ரோடு வரும், பசங்களுக்கு வேல வரும். நான் போய் இதுக்கு வெரல் வைன்னா வெப்பாங்களா, மாட்டாங்களா?" என்றார். "வெப்பாங்க" என்றேன். "அப்புறம் இன்னா? கேட்டா இன்னா, கேக்காட்டி இன்னா? அவங்க வண்டி வாடகை குடுத்து இறங்கி வரணும், அதான் மிச்சம்" என்றார். அடித்தேன். முப்பத்தொரு தாள். கடைசி வரி ஒவ்வொரு ரேகைக்கும் சரியாக மேலே வந்து நிற்கும்படி இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் அடித்தேன். யாராவது கையில் எடுத்துப் பார்த்தால், படித்துக் காட்டிய பிறகு வைத்த ரேகை என்றே நினைப்பார்கள். குப்பியின் தாள் வந்தபோது கை நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பழகின கை.

தோப்பைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. அதற்கு அடுத்த வாரம் மேட்டுக்கொல்லைக்காரர்கள் வந்தார்கள். எங்கே வருவார்கள், அருள்? அவர்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர்தான். எங்கள் வாசலிலேயே செருப்பை விட்டார்கள். "வக்கீலு, எங்க மரத்துக்கு நாங்க போவ முடியல. யாரோ நாங்களே எழுதிக் குடுத்தோம்ங்கறான். நீதான் கேக்கணும்" என்றார் சடையன். உன் அப்பா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. பிறகு அவர்களைப் பார்த்து, "நான் இருக்கறேன் இல்ல, கேஸ் போட்டுடலாம்" என்றார். என்னிடம் திரும்பி, "தாளு எடுத்தாம்மா" என்றார். நான் மைப் பெட்டியைத் திறந்து, அந்த முப்பத்தொரு பேரின் விரலையும் மறுபடி ஒவ்வொன்றாகப் பிடித்தேன். அன்றைக்குச் சடையன் மருதாணி வேடிக்கை பேசவில்லை. குப்பி மட்டும் காபியை ஆற்றிக்கொண்டே, "உன்ன நம்பித்தான் வந்தோம் வக்கீலம்மா, அவரு தலைவரு, ஆயிரம் வேல, நீ ஞாபகப்படுத்து" என்றாள்.

வழக்கு போட்டார், பொய்யில்லை. மூன்று வருடமாக வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறார். இப்போது சட்டமன்றத் தேர்தல் வருகிறது. வேட்பாளரின் பெயர் அந்த வழக்கில் எந்தப் பக்கமும் இருக்கக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டார்களாம். போன வாரம் என்னிடம் இரண்டு வேலை கொடுத்தார். ஒன்று, மேட்டுக்கொல்லைக்காரர்களின் வக்கீல் மாறுகிறார் என்று ஒரு வக்காலத்து. புது வக்கீல் நீ. இரண்டாவது, அந்தப் புது வக்கீல் மூலமாக அவர்கள் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறார்கள் என்று ஒரு மனு. அவர்கள் ரேகையும் தயார், உன் கையெழுத்தும் தயார். "அவன் வர்றதுக்குள்ள அடிச்சு வெச்சுடு. வந்த புள்ளைய வந்ததும் வராததுமா கையெழுத்து போடுன்னு தொல்ல பண்ணக் கூடாது" என்றார். உன் மேல் இருக்கும் அக்கறையில்தான் சொன்னார்.

முந்தாநாள் கிளம்பும்போது, அடித்தாயிற்றா என்று கேட்டார். "பிரின்டர்ல மை இல்ல" என்றேன். இருபத்தைந்து வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் பொய். "இன்னா டீச்சரம்மா, கடையா இல்ல வாணியம்பாடில?" என்று கேட்டுவிட்டு நேர்காணல் அவசரத்தில் கிளம்பிவிட்டார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு கட்டு, அவர் கையெழுத்தில் "வூடு" என்று எழுதியிருந்தது. பிரித்தால் என் தாள்களும் உன்னுடைய ஏழும். மேட்டுக்கொல்லைக் கட்டு எவ்வளவு தடிமனோ, வீட்டுக் கட்டும் ஏறக்குறைய அவ்வளவு தடிமன். நூலும் அதே நூல், முடிச்சும் நான் கற்றுக்கொடுத்த முடிச்சு. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை பஸ்ஸில் மலைக்குப் போனேன். பெட்டியில் இருந்த மலைக் கட்டுகளை எல்லாம் இரண்டு ஒயர் கூடையில் எடுத்துக்கொண்டேன். அவரவர் தாளை அவரவர் கையில் கொடுத்துவிட்டால் எனக்கு விடுதலை என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன். வழியில் இரண்டு ஊரில் இறங்கினேன். யாரும் வாங்கவில்லை, அருள். "இன்னாம்மா, எங்க மேல கோவமா?" என்று கேட்டார்கள். "எங்கள வாணாம்னு சொல்லிட்டாரா வக்கீலு?" என்று ஒருவர் அழுகிற குரலில் கேட்டார். ஒரு பெண், "எங்கூட்ல மழ ஒழுவுது, உங்கூட்டு பீரோல இருந்தா பத்திரமா இருக்கும்" என்று என் கூடைக்குள்ளேயே திருப்பி வைத்தாள். மேட்டுக்கொல்லையில் சடையன் கட்டிலில் படுத்துக் கிடக்கிறார், இப்போது எழுந்து நடப்பதில்லை. அவருடைய தாளை நான் அவர் எதிரிலேயே கிழித்தேன். "அய்யோ, இன்னாத்துக்குக் கிழிக்கிற? மறுபடி நான் எப்டி எறங்கி வருவன்?" என்று எழுந்து உட்காரப் பார்த்தார். கையில் இரண்டு துண்டோடு நின்றேன். இவர்களைக் கட்டிப்போட்டிருப்பது அந்தத் தாள் இல்லை, எங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை. அதை எப்படிக் கிழிப்பது?

அதனால் குப்பியிடம் வாயால் சொன்னேன். அவள் களத்தில் கேழ்வரகு காய வைத்துக்கொண்டிருந்தாள். ஆட்சேபணை இல்லை என்று எழுதியது யார், எந்தத் தாளில், யார் அடித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையால் கேழ்வரகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். முடித்ததும், "ஆட்சேபணன்னா இன்னா?" என்று கேட்டாள். சொன்னேன். "எனக்கு அந்த வார்த்தையே தெரியாது. தெரியாத வார்த்தைய என் வாயில வெச்சிட்டீங்க" என்றாள். உள்ளங்கையில் ஒட்டிய மணிகளைத் தட்டிவிட்டு, "அன்னிக்கு என் வெரல உன் சேலைல தொடச்சியே, நெனப்பு இருக்குதா? அந்தச் சேல இருக்குதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "கற போச்சா?" என்றாள். "போவல" என்றேன். "ம்" என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன், திட்டவில்லை.

என் வெள்ளைத் தாள்களை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதில் ஒன்றில், அங்கேயே முறத்தைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து, நடந்ததை எழுதினேன். மேட்டுக்கொல்லைக்காரர்களிடம் எதையும் கேட்காமல் முப்பத்தொரு தாளில் அடித்தவள் நான், அவர்கள் சம்மதம் கொடுக்கவில்லை, கோர்ட்டில் வந்து சொல்லவும் தயார் என்று. குப்பிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். என் கையெழுத்து ஏற்கெனவே அடியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது ஆவாது. இப்ப போடு, நான் பாக்கறேன்" என்றாள். பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "உம் புள்ளயும் வக்கீலாமே. அவன் வருவானா?" என்று கேட்டாள். "தெரியல குப்பி" என்றேன். "வந்தா, எழுதிட்டு மொதல்ல படிச்சுக் காட்டச் சொல்லு. அப்புறந்தான் வெரல் வெப்பேன்" என்றாள்.

உன் அப்பாவுக்கு அன்று நான் சொல்லாமல் போன பதில் அந்தக் களத்தில்தான் எனக்குக் கிடைத்தது. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்றார் அல்லவா? கேட்டிருந்தால், ஆட்சேபணை என்றால் என்ன என்று குப்பி கேட்டிருப்பாள். அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் வெள்ளைத் தாள். உன் வாழ்க்கையில் உன்னிடம் அன்பாக இருப்பவர்கள், உனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சொல்லி ஏதாவது கேட்டால், அந்தத் தொந்தரவைப் பட்டுவிடு. ஒவ்வொரு முறையும் எழுந்து போ. கையைத் துடைத்துக்கொண்டு போய், முழுவதும் படித்துவிட்டுப் போடு. கல்யாணமானால் உன் மனைவியை அடுப்படியில் வைத்துக் கையெழுத்துக் கேட்காதே. நான் உனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். குப்பி கேட்டுவிட்டதால் அப்படி எழுத முடியவில்லை. வா என்று எழுதவும் எனக்கு உரிமை இல்லை. உன் ஏழு தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள், உன் கையாலேயே கிழி. இனி இந்த வீட்டில் உன் பெயரில் வெற்றுத் தாள் எதுவும் இல்லை. வருவதாக இருந்தால் இங்கே இறங்காதே, நேராக மலைக்குப் போய்விடு, குப்பி சொல்வதை முதலில் இருந்து கேள். வரவில்லை என்றால் அதையும் நீயே அப்பாவிடம் போனில் சொல். என்னைச் சொல்லச் சொல்லாதே. யாரும் வாங்காத மலைக் கட்டுகள் கூடையிலேயே திரும்பி வந்துவிட்டன. நாளை அவர் வந்து பெட்டியைத் திறப்பார். நான் எங்கும் போகவில்லை. போக இடமும் இல்லை, அவரை அப்படியே விட்டுவிட்டுப் போக மனமும் இல்லை. காபி போட்டுக் கொடுத்துவிட்டுச் சொல்வேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "டீச்சரம்மா, என்ன முடிச்சுட்டியே" என்பார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவரும்தான் இருக்கப்போகிறோம்.

சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. ஆனால் இந்தக் கடைசித் தாளில் கையெழுத்துக்கு மேலே இன்னும் நான்கு விரல் இடம் மிச்சம் இருக்கிறது. அதை அப்படியே விட எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் எதையாவது எழுதுகிறேன். மதுரையில் வெயில் அதிகம், தண்ணீர் நிறையக் குடி. நீ விட்டுப்போன பச்சைச் சட்டையில் பொத்தான் தைத்துவிட்டேன். பின்கட்டு முருங்கை பூத்திருக்கிறது. கூனி மரம் வேலிக்கு உள்ளே நிறையக் காய்த்திருக்கிறதாம், குப்பி வெளியில் நின்று பார்த்தாளாம். பல் வலி என்றாயே, போய்க் காட்டினாயா? வேளைக்குச் சாப்பிடு. இப்போது என் பேனா அந்த நீலக் கையெழுத்தைத் தொட்டுவிட்டது, இனி இடமில்லை.